கும்மாளமா, சேட்டையா?

மதுரை விளாங்குடியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போன கோடை லீவில் போயிருந்தேன். திண்டுக்கல் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் ஒரு சின்னத் தெரு. சாயங்காலம் ஐந்தரை மணி. ஏழெட்டு வாண்டுகள் ஒருத்தன் மேல் ஒருத்தன் விழுந்து புரண்டு... அப்பப்பா, என்ன கூச்சல்!

"என்னடா கும்மாளம் அங்கிட்டு?" என்றார் திண்ணையில் இருந்த தாத்தா. குரலில் கோபமே இல்லை.

"இவனுங்க லூட்டி தாங்க முடியலைக்கா!" என்றார் எதிர் வீட்டம்மா.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "இவன் சேட்டை நாளுக்கு நாள் ஜாஸ்தியாகுது. கிளாஸ்ல ஒரு இடத்துல உட்கார மாட்டேங்கிறான், ஹைப்பரா இருப்பான்போல, டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு மிஸ் டைரியில எழுதி அனுப்பிட்டாங்க" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. பையன் மூன்றாம் வகுப்பு.

பார்த்தீர்களா? ஆட்டம் ஒன்றுதான். மூன்று பேர் வாயில் மூன்று வார்த்தை.

உங்கள் வீட்டிலும் இந்த வார்த்தைகளெல்லாம் தினம் புழங்குகிறவைதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. கும்மாளத்துக்குக் கூட்டாளி வேண்டும். தனியாக ஒருத்தன் கும்மாளம் போட்டால் நமக்கே கொஞ்சம் பயமாக இருக்கும்! லூட்டியும் அப்படித்தான். சேட்டையைத் தனியாகவே பண்ணலாம். 'ஆட்டம் போடுறான்' என்பது ஆறு வயதுப் பையனுக்குச் செல்லத் திட்டு. அதையே நாற்பது வயதுக்காரரைப் பார்த்துச் சொன்னால், திமிர் என்று அர்த்தம். நம்ம மதுரைப் பக்கத்து 'அலப்பறை'க்கோ வேடிக்கை பார்க்க நாலு பேர் வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. 'சேட்டை' என்பது வடமொழியில் வெறும் அசைவு, செயல். அதில் தப்பே கிடையாது. 'அட்டகாசம்' என்றால் உரத்த சிரிப்பு. இன்றைக்குப் பிள்ளை பண்ணினால் திட்டு, பிரியாணிக்குச் சொன்னால் பாராட்டு! 'குறும்பு' மட்டும் எதிர்த் திசையில் வந்திருக்கிறது. திருக்குறளில் 'நாடு' அதிகாரத்தில் வரும் குறும்பு, அரசனையே அலைக்கழிக்கும் கொலைகாரக் கூட்டம். இன்று அது கன்னத்தைக் கிள்ளிச் சொல்லும் வார்த்தை.

விளையாட்டுக்குத் தொல்காப்பியம் இரண்டு பழைய சொற்களைச் சொல்கிறது: கெடவரல், பண்ணை. முதலாவது வழக்கொழிந்தே போய்விட்டது. இரண்டாவது கோழிக்கும் மாட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அதே தொல்காப்பியம் மகிழ்ச்சி பிறக்கும் இடங்கள் நான்கு என்று கணக்குப் போட்டு, அதில் விளையாட்டையும் ஒன்றாக வைத்திருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். பிள்ளைகள் கட்டிப் புரளும்போது அது விளையாட்டா, சண்டையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முகத்தைப் பாருங்கள். விளையாட்டில் சிரிப்பு இருக்கும், கை விரிந்திருக்கும். துரத்தினவன் அடுத்த நிமிடம் துரத்தப்படுவான். பெரியவன் வேண்டுமென்றே சின்னவனிடம் தோற்பான். முடிந்த பிறகும் பிரியாமல் ஒன்றாகவே நிற்பார்கள். சண்டையில் முஷ்டி மடங்கும், ஒருத்தனே அடி வாங்குவான், முடிந்ததும் ஆளுக்கு ஒரு பக்கம் போய்விடுவார்கள். இதைப் பார்க்காமல் நாம் பாட்டுக்கு, "டேய், ரகளை பண்ணாம உள்ளே வாங்கடா!" என்று கத்திவிடுகிறோம்.

ஐந்து முதல் பதினேழு வயது வரை, தினம் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொல்லியிருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமோ 2018-ல் ஒரு படி மேலே போய், கைக்குழந்தைகளைப் பரிசோதிக்கும்போது 'விளையாட்டு' என்றே மருந்துச் சீட்டு எழுதித் தரலாம் என்றது.

அப்படியானால் 'ஹைப்பர்' என்பது? ஏ.டி.எச்.டி. என்று டாக்டர்கள் சொல்லும் கோளாறு நிஜமாகவே உண்டு. மறைக்க வேண்டிய விஷயமுமில்லை, உதவி கிடைக்கக்கூடிய விஷயம். ஆனால் டைரியில் ஒரு வரி எழுதி முடிவு செய்கிற விஷயமல்ல. அறிகுறிகள் ஆறு மாதமாவது தொடர்ந்து இருக்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும். படிப்பையோ பழக்கத்தையோ அது பாதிக்கவும் வேண்டும். தெருவில் போடுகிற ஆட்டம் மட்டும் இந்தக் கணக்கில் வராது.

கவலைப்பட வேண்டியது இன்னொன்றுக்கு. எப்போதும் துள்ளுகிற பிள்ளை திடீரென்று மூலையில் சுருண்டு உட்கார்ந்தால், "அப்பாடா, இன்னிக்கு அடங்கிட்டான்" என்று நிம்மதியடையாதீர்கள். நெற்றியைத் தொட்டுப் பாருங்கள். காய்ச்சல் இல்லையென்றால் பக்கத்தில் உட்கார்ந்து, பள்ளியில் என்ன நடந்தது என்று மெதுவாகக் கேளுங்கள். இரண்டு மூன்று நாள் நீடித்தால் டாக்டரிடம் போய்விடுங்கள்.

மதுரை வெயிலில் நண்பகல் ஆட்டத்தை நானும் ஆதரிக்க மாட்டேன். காலையும் சாயங்காலமும் போதும். கண்மாய்ப் பக்கம் மட்டும் பெரியவர் துணையில்லாமல் அனுப்பவே கூடாது.

அக்கா கதைக்கு வருகிறேன். அந்த வாரமே அவனைக் குழந்தை மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அவர் அவனைப் பற்றி அக்காவிடம் கேட்டதெல்லாம் சின்னச் சின்னக் கேள்விகள்தான். வீட்டில் கேரம் ஆட உட்காருவானா? உட்காருவான், இரவு வரைகூட. கதை சொன்னால் கேட்பானா? வாய் பிளந்து கேட்பான். கிளாஸில் எந்தப் பெஞ்ச்? கடைசிக்கு முந்தினது. எழுந்து எங்கே போகிறான்?

அக்காவுக்குத் தெரியவில்லை. பையனே சொன்னான்: "போர்டுல எழுதுறது கலங்கலா இருக்கு. அதான் முன்னாடி உள்ளவன் நோட்டைப் பார்க்கப் போவேன்."

கண் டாக்டரிடம் அனுப்பினார். கிட்டப்பார்வை! இத்தனை மாதம் 'சேட்டை' என்று எல்லோரும் பெயர் வைத்திருந்தது இதற்குத்தான். "கண்ணாடி போட்டாச்சுல்ல, இனிமே வெளியில ஆட விடலாமா?" என்று அக்கா பயந்து கேட்டாள். டாக்டர் சிரித்துவிட்டார். பள்ளி நேரத்தில் தினம் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்ட பிள்ளைகளிடம் புதிதாகக் கிட்டப்பார்வை வருவது குறைந்ததாகச் சீனாவின் குவாங்சோ நகரில் செய்த ஆய்வு ஒன்று 2015-ல் வெளியானதைச் சொல்லி, "வெளிச்சத்துல விளையாடுறது கண்ணுக்கு நல்லதும்மா, தாராளமா விடுங்க" என்றார்.

இப்போது அவனுக்கு முதல் பெஞ்ச். சாயங்காலம் ஐந்தரை ஆனால், கண்ணாடியைக் கழற்றி அக்கா கையில் கொடுத்துவிட்டுத்தான் கட்டிப் புரள இறங்குகிறான்.