இல்லாத ஊரில் காணாமல் போனவள்!

அமெரிக்காவின் நியூயார்க் மாநில வரைபடத்தில் ஒரு காலத்தில் அக்லோ என்றொரு ஊர் இருந்தது. நேரில் போனால் ஊரே கிடையாது! தங்கள் வரைபடத்தை யாராவது காப்பியடித்தால் கையும் களவுமாகப் பிடிக்க, 1930-களில் ஜெனரல் டிராஃப்டிங் நிறுவனம் வைத்த பொறி அது. பிறகுதான் வேடிக்கை. வரைபடத்தை நம்பி அதே இடத்தில் யாரோ 'அக்லோ ஜெனரல் ஸ்டோர்' என்று கடையே திறந்துவிட்டார்கள்.

இந்த நிஜ விசித்திரத்தை வைத்து ஜான் கிரீன் எழுதிய நாவல்தான் 'பேப்பர் டவுன்ஸ்'. 2008-ல் வெளியாகி, மறு வருடமே இளையோருக்கான சிறந்த மர்ம நாவல் என்று எட்கர் விருது வாங்கியது. 2015-ல் சினிமாவாகவும் வந்தது.

ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில், பள்ளி இறுதியாண்டு படிக்கும் க்வென்டினுக்குப் பக்கத்து வீட்டு மார்கோ மீது சின்ன வயதிலிருந்தே காதல். ஒரு நாள் நள்ளிரவில் ஜன்னல் வழியே வந்து அவனை அழைக்கிறாள். விடிய விடிய ஊர் சுற்றல், குறும்பு, பழிவாங்கல். மறுநாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. காணாமல் போய்விட்டாள்!

அவள் வீட்டைவிட்டுப் போவது இது முதல் முறையல்ல. அலுத்துப்போன பெற்றோர் வீட்டுப் பூட்டையே மாற்றிவிடுகிறார்கள். க்வென்டின் மட்டும் தேடுகிறான். ஒரு போஸ்டர், வால்ட் விட்மன் கவிதையில் அவள் கோடிட்ட வரிகள், பாழடைந்த கடை வளாகம் என்று துப்பு நீள்கிறது. உயிரோடுதான் இருக்கிறாளா என்ற பயமும் கூடவே வருகிறது.

தேடத் தேட அவனுக்கு ஒன்று உறைக்கிறது. தோழி அறிந்த மார்கோ ஒருத்தி, பெற்றோர் அறிந்தவள் வேறொருத்தி, அவன் மனதில் இருப்பவள் இன்னொருத்தி. நிஜ மார்கோவை யாருக்குமே தெரியாது!

பட்டமளிப்பு விழாவையே விட்டுவிட்டு, நண்பர்களோடு வேனில் அக்லோவுக்குப் பறக்கிறான். அங்கே அவள் இருக்கிறாள். ஆனால், 'வந்துட்டியா' என்று ஓடிவந்து கட்டிக்கொள்ளவில்லை. 'ஏன் வந்தாய்' என்பதுபோல் கோபப்படுகிறாள். இத்தனை நாள் தான் நேசித்தது தானே வரைந்துகொண்ட ஒரு காகிதப் பெண்ணை என்பது க்வென்டினுக்கு அங்கேதான் புரிகிறது. தேடிப் போனது அவளை, கண்டுகொண்டது தன்னை.

டீன் ஏஜ் பேச்சும் சேட்டைகளும் கொஞ்சம் தூக்கலாகவே இருப்பதால், பத்தாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளைகளுக்கே ஏற்றது. ஆனால் அவர்களைவிட அவசியமாகப் படிக்க வேண்டியவர்கள் பெற்றோர். 'என் பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரியாதா' என்று எல்லோரும் சொல்கிறோம். நாம் வைத்திருக்கும் வரைபடத்தில் இருப்பது நிஜ ஊர்தானா? இன்று இரவு சாப்பிடும்போது, மார்க்கைப் பற்றிக் கேட்காமல் வேறு ஏதாவது பேசிப் பாருங்களேன்!