முகத்தோல் உரிப்பு

முகத்தோல் உரிப்பு என்பது முகத்தின் மேற்றோலில் உள்ள இறந்த உயிரணுக்களைத் தேய்த்தோ, வேதிப்பொருள்களால் தளர்த்தியோ நீக்கும் செயலாகும். இது தோல் மருத்துவத்திலும் அழகுக்கலையிலும் பயன்படுகின்றது.

தோலின் இயல்பான புதுப்பிப்பு

மேற்றோலின் அடியில் தோன்றும் உயிரணுக்கள் மெல்ல மேலெழுந்து, கெரட்டின் நிறைந்து, இறந்த செதில்களாகி உதிர்கின்றன. இளையோரில் இதற்கு ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகும். அகவை கூடக் கூட இக்காலம் நீளும். செதில்களாலான வெளியடுக்கு கொம்புப் படலம் எனப்படும். அழுக்கு எனக் கருதித் தேய்க்கப்படுவது பெரும்பாலும் இதுவே. ஆனால் தோலின் நீரை உள்ளே காப்பதும், நுண்ணுயிர்களை வெளியே நிறுத்துவதும் இப்படலமேயாகும். முகம் எரியும் அளவுக்கு உரிப்பது இக்காப்பைச் சிதைப்பதாகும்.

தேய்த்து நீக்குதல்

பாசிப்பயறு, கடலைப்பருப்பு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு முதலியவற்றை உலர்த்தி அரைக்கும் நலங்கு மாவு தமிழகத்தில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. நைசாக அரைத்துத் துணியில் சலித்த மாவை நீரில் குழைத்து, விரல் நுனியால் மென்மையாகத் தேய்த்துக் கழுவுதல் பெரும்பாலோருக்குத் தீங்கற்றது. சர்க்கரை, வாதுமை ஓட்டுத் தூள் ஆகியவற்றின் கூர்முனைகள் முகத்தோலைக் கீறக்கூடும்.

வீட்டில் கிடைப்பது என்பதாலேயே ஒரு பொருள் பாதுகாப்பானது ஆகிவிடாது. தோலின் காரகாடித்தன்மைச் சுட்டெண் ஏறத்தாழ 5. எலுமிச்சைச் சாற்றுக்கு அது 2, சமையல் சோடாக் கரைசலுக்கு 8. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளமும் கருந்தழும்பும் தோன்றலாம். உத்திரமேரூர் வட்டாரம் போன்ற வேளாண் பகுதிகளில், நடவிலும் களையெடுப்பிலும் பகல் முழுதும் வெயிலில் நிற்போர் இதை முகத்தில் பூசாதிருத்தல் நன்று.

அமிலங்கள்

கிளைக்காலிக் அமிலமும் இலாக்டிக் அமிலமும் செதில்களுக்கிடையேயான பிணைப்பைத் தளர்த்துகின்றன. சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரைவதால் மயிர்த்துளைகளுக்குள் சென்று முகப்பருவுக்கு உதவுகின்றது. வீட்டுப் பயன்பாட்டிற்குரியவை செறிவு குறைந்தவை: சாலிசிலிக் அமிலம் 2%, கிளைக்காலிக் அமிலம் 10% வரை. மருத்துவர்கள் 20 முதல் 70% வரையிலான கிளைக்காலிக் அமிலத்தை நேரம் கணக்கிட்டு இட்டு, பின்னர் அதனைச் செயலிழக்கச் செய்வர். இதைத் தாமே வாங்கி இட்டுக்கொள்வோருக்குத் தீப்புண் போன்ற காயங்கள் ஏற்படக்கூடும். மாநிறத் தோலில் சிறு அழற்சியும் பல மாதங்கள் நீடிக்கும் கருந்திட்டை விட்டுச் செல்லும். அமிலம் பயன்படுத்துவோர் வெயில்காப்புக் களிம்பையும் பூசுதல் வேண்டும்.

முக்கூட்டுக் களிம்புகள்

1975இல் கிளிக்மன், வில்லிசு ஆகியோர் ஐதரோகுயினோன், டிரெட்டினோயின், ஒரு ஸ்டீராய்டு ஆகிய மூன்றும் சேர்ந்த களிம்பை வெளியிட்டனர். மங்கு எனப்படும் கருந்திட்டுகளுக்கு, மருத்துவர் கண்காணிப்பில், சில வாரங்களுக்கு மட்டும் உரியது இது. இந்தியாவில் இத்தகைய களிம்புகள் மருந்துக்கடைகளில் சீட்டின்றி விற்கப்பட்டு, அன்றாட முகப்பூச்சாகவே மாறின.

தொடக்கத்தில் முகம் வெளுத்து, புதுத்தோல் வந்தது போலத் தோன்றும். உண்மையில் ஸ்டீராய்டு இரத்தக் குழாய்களைச் சுருக்கி, உயிரணுப் பெருக்கத்தையும் அடக்குகின்றது. நாளடைவில் தோல் மெலிந்து, குழாய்கள் வெளித்தெரிந்து, பருக்களும் முடியும் தோன்றுகின்றன. நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் மிகும். அதைத் தணிக்க அதே களிம்பு மீண்டும் வாங்கப்படுகின்றது. இந்நிலைக்கு 2008இல் இந்திய மருத்துவர்கள் 'ஸ்டீராய்டால் சேதமுற்ற முகம்' என்னும் பொருள்படப் பெயரிட்டனர். மார்ச் 2018இல் நடுவண் அரசு 14 ஸ்டீராய்டுக் களிம்புகளைச் சீட்டின்றி விற்பதைத் தடை செய்தது.

குழலின் மீது பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் ஆகியவற்றுள் எப்பெயர் இருந்தாலும் அது ஸ்டீராய்டே. பல மாதங்கள் பூசியவர் திடீரென நிறுத்தாமல், தோல் மருத்துவரின் மேற்பார்வையில் விடுதல் வேண்டும்.

பாதரசம்

பாதரசம் மெலனின் உருவாவதைத் தடுப்பதால் சில வெளுப்புக் களிம்புகளில் கலக்கப்படுகின்றது. உறையில் அது குறிக்கப்படாமலும் இருக்கலாம். கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கலில் 2021 சூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேரிடம் அந்நோயின் அரிய வடிவம் ஒன்று காணப்பட்டது. அப்பதினைவரில் 13 பேர் வெளுப்புக் களிம்பு பூசியவர்கள். பூசுவதை நிறுத்தியபின் பெரும்பாலோர் தேறினர்.