பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்த ஈட்டி

புதுதில்லி: ஏதென்ஸ் நகரில் 2004-ஆம் ஆண்டு நடைபெற்ற பாராலிம்பிக் போட்டியில், ஈட்டியை 62.15 மீட்டர் தொலைவுக்கு எறிந்து உலக சாதனையுடன் தங்கம் வென்றார் தேவேந்திர ஜஜாரியா. நீச்சல் வீரர் முரளிகாந்த் பேட்கர் 1972-இல் பெற்ற தங்கத்துக்குப் பிறகு, பாராலிம்பிக்கில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. ஜஜாரியாவின் அடுத்த தங்கம் 2016-இல்தான் வந்தது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு பாராலிம்பிக்கில்கூட களமிறங்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

ராஜஸ்தான் மாநிலம் சூரு மாவட்டத்தில் விவசாயக் குடும்பத்தில் 1981-இல் பிறந்தவர் ஜஜாரியா. எட்டு வயதில் மரம் ஏறியபோது மின்கம்பியில் பட்டதில் இடது கை கருகியது. உயிரைக் காக்க அந்தக் கையை மருத்துவர்கள் அகற்றினர். வீட்டுக்குள் ஒடுங்கிப்போன சிறுவனை விளையாட அனுப்பியவர்கள் பெற்றோர்தாம். மரக்கொம்பைச் செதுக்கிச் செய்ததே அவரது முதல் ஈட்டி. பள்ளிப் போட்டிகளில் உடற்குறை இல்லாத மாணவர்களுடன் மோதிய அவரை, 1997-இல் பயிற்சியாளர் ஆர்.டி. சிங் அடையாளம் கண்டார்.

தந்தையின் துணை

ஏதென்ஸ் செல்லும் காலத்தில் மத்திய அரசிடமிருந்தோ மாநில அரசிடமிருந்தோ தமக்கு உதவி கிடைக்கவில்லை என்றும், தந்தையே துணை நின்றார் என்றும் பின்னாளில் ஜஜாரியா கூறியுள்ளார். நாட்டுக்காக விளையாடும் மாற்றுத்திறனாளி வீரரின் சுமையைக் குடும்பம் தாங்கிய காலம் அது.

ஏதென்ஸ் வெற்றிக்குப் பின் அர்ஜுனா விருது கிடைத்தது. ஆனால், ஒரு கையை இழந்தோருக்கான எஃப்-46 பிரிவு ஈட்டி எறிதல், 2008 பெய்ஜிங், 2012 லண்டன் பாராலிம்பிக் போட்டிகளின் பட்டியலில் இடம்பெறவில்லை. உலக சாதனையாளர் வீட்டில் இருந்தபடியே இரு போட்டிகளையும் பார்க்க நேர்ந்தது.

விளையாட்டை விட்டுவிடலாம் என்று ஒரு கட்டத்தில் அவர் எண்ணினார். தடுத்தவர், கபடி வீராங்கனையாக இருந்த அவரது மனைவி. அந்த ஆண்டுகளில் குடும்பத்துக்கு நிலையான வருவாய் தந்தது அரசுப் பணி. முதலில் ரயில்வே, பின்னர் இந்திய விளையாட்டு ஆணையம் என அவரது பணிவாழ்வு அமைந்தது. பரிசுத்தொகை பதக்கம் வென்றால்தான் வரும். பதக்கமே இல்லாத ஆண்டுகளில் ஒரு வீரரைக் காப்பது மாதச் சம்பளம்தான் என்பதற்கு அவரது வாழ்வே சான்று.

ரியோ முதல் டோக்கியோ வரை

பிரான்ஸின் லியோன் நகரில் 2013-இல் நடந்த உலக சாம்பியன் போட்டியில் தங்கம் வென்று ஜஜாரியா மீண்டும் எழுந்தார். ரியோ பாராலிம்பிக்கில் அவரது பிரிவு மீண்டும் சேர்க்கப்பட்டது. எனினும் 2015-இல், உள்பூசல்களால் இந்திய பாராலிம்பிக் கமிட்டியையே சர்வதேச பாராலிம்பிக் குழு இடைநீக்கம் செய்தது. நிர்வாகிகளின் சண்டைக்கு வீரர்கள் பலியாகும் அபாயம் கடைசி நேரத்தில்தான் நீங்கியது.

ரியோவுக்குப் புறப்படுமுன் சிறுமியான மகளுடன் ஓர் ஒப்பந்தம் இருந்தது. வகுப்பில் அவள் முதலிடம் பெற்றால், தந்தை தங்கம் வெல்ல வேண்டும். மகள் வாக்கைக் காப்பாற்றினாள். தந்தை 63.97 மீட்டர் எறிந்து தமது உலக சாதனையையே முறியடித்தார். சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றதும் அதே போட்டியில்தான். நாட்டின் உயரிய விளையாட்டு விருதான கேல் ரத்னா, முதல் தங்கத்துக்குப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2017-இல் ஜஜாரியாவுக்கு வழங்கப்பட்டது.

புற்றுநோயால் பாதிக்கப்பட்ட தந்தை 2020 அக்டோபரில் காலமானார். மறு ஆண்டு டோக்கியோவில் நாற்பது வயதில் களமிறங்கிய ஜஜாரியா, 64.35 மீட்டர் எறிந்து வெள்ளி வென்றார். தங்கம் இலங்கை வீரர் தினேஷ் பிரியந்த ஹேரத்துக்குச் சென்றது. பத்மபூஷண் விருது 2022-இல் கிடைத்தது.

எஞ்சியிருக்கும் கேள்வி

மக்களவைத் தேர்தலில் 2024-இல் சூரு தொகுதியில் பாஜக சார்பில் போட்டியிட்ட ஜஜாரியா, காங்கிரஸ் வேட்பாளர் ராகுல் கஸ்வானிடம் தோல்வியுற்றார். அதே ஆண்டு மார்ச்சில் இந்திய பாராலிம்பிக் கமிட்டியின் தலைவராகப் போட்டியின்றித் தேர்வானார். ஒரு காலத்தில் வீரர்களைத் தவிக்கவிட்ட அமைப்பின் பொறுப்பு ஒரு வீரரின் கைக்கே வந்தது.

பெய்ஜிங்கில் ஒரு பதக்கமும் பெறாத இந்தியா, ரியோவில் 4, டோக்கியோவில் 19, பாரீஸில் 29 எனப் பதக்கங்களை அள்ளியது. வீரர்களுக்கு அரசின் நிதியுதவி பெருகியது இதற்கு முக்கியக் காரணம்.

ஆனால் அந்த உதவி பெரும்பாலும் சாதித்துக் காட்டியவர்களையே நாடி வருகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசுப் பணிகளில் அவர்களுக்கான இடஒதுக்கீட்டை 3 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக உயர்த்தியது. விளையாட்டில் அவர்கள் பங்கேற்க வசதி செய்துதருவது அரசின் கடமை என்றும் அச்சட்டம் கூறுகிறது. அக்கடமை கிராமப் பள்ளியின் விளையாட்டுத் திடலில் நிறைவேற வேண்டும். அதுவரை, மரக்கொம்பைச் செதுக்கும் அடுத்த சிறுவனும் தன் தந்தையின் சட்டைப்பையை நம்பித்தான் களமிறங்க வேண்டியிருக்கும்.