எண்ணெயை உண்ணும் நுண்ணங்கிகளும் உடைமையுரிமையும்

சூழல் மாசடைதலை விஞ்ஞான வளர்ச்சியின் தவிர்க்கவியலாத விளைவெனக் கொள்வாரும், அதற்கான பரிகாரத்தை விஞ்ஞானமே தந்துவிடும் என நம்புவாரும் ஒரே தவறினைச் செய்கின்றனர். இருசாராரும் உற்பத்தி உறவுகளைக் கணக்கில் எடுப்பதில்லை. கடலிற் சிந்திய எண்ணெயை அகற்றுவதில் மூலக்கூற்று உயிரியல் பெற்றுள்ள இடத்தினை நோக்கின் இவ்வுண்மை புலனாகும்.

பற்றீரியாக் கலங்கள் பலவற்றில் நிறவுருவுக்குப் புறம்பாகப் பிளாசுமிட்டு எனப்படும் சிறு டீ.என்.ஏ. வளையங்கள் காணப்படும். இவற்றுட் சில, எண்ணெயிலுள்ள ஐதரோகாபன்களைச் சிதைக்கும் நொதியங்களுக்கான பரம்பரையலகுகளைக் கொண்டவை. ஜெனரல் எலெக்ரிக் கம்பனியிற் பணியாற்றிய ஆனந்த மோகன் சக்கரவர்த்தி, 1970களின் தொடக்கத்தில் இத்தகைய வளையங்கள் பலவற்றை ஒரே சூடோமோனசுக் கலத்தில் ஒன்றுசேர்த்தார். இவ்வுயிரிக்குக் காப்புரிமை வழங்கலாம் என 1980 யூன் 16இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. எண்ணெய்க் கசிவுகளைத் துப்புரவாக்க அவ்வுயிரி பயன்படவில்லை. உயிரினம் தனியுடைமையாவதற்கே அது வழி திறந்தது.

1989 மார்ச்சில் எக்சொன் வல்டீஸ் கப்பலின் எண்ணெய் அலாஸ்காக் கரைகளிற் படிந்தபோது பயன்பட்டவை அங்கு இயல்பாக வாழ்ந்த நுண்ணங்கிகளேயாம். அவற்றுக்குப் போதாதிருந்த நைதரசனும் பொசுபரசும் பசளையாக இடப்பட, எண்ணெய் சிதையும் வேகம் கூடிற்று. ஆயின், ஒட்சிசன் எட்டாத சரளைப் படைகளின் கீழ் எண்ணெய் பல தசாப்தங்கள் எஞ்சியிருந்தது.

2010 ஏப்ரிலில் மெக்சிக்கோ வளைகுடாவில் டீப்வோட்டர் ஹொரைசன் துளைமேடை வெடித்து 11 தொழிலாளர் மாண்டனர். ஆய்வாளர் ஏறத்தாழ 1100 மீற்றர் ஆழத்து நீரை வடித்து, அதிலிருந்த டீ.என்.ஏ.யைப் பிரித்தெடுத்தனர். 16எஸ் எனும் பரம்பரையலகு எல்லாப் பற்றீரியாக்களிலும் உண்டு. அதன் தொடரொழுங்கோ இனத்துக்கினம் வேறுபடும். ஆதலின், ஆய்வுகூடத்தில் வளர்க்காமலே நீரில் வாழ்வன யாவையென அறிய முடிந்தது. எண்ணெய் பரவிய நீரில் ஐதரோகாபன்களைச் சிதைக்கும் இனங்கள் மேலோங்கியிருந்தன. இதனைக் கண்டறிந்த குழுவினருக்கு நிதியளித்த ஆய்வு நிறுவனமோ, அக்கிணற்றுக்குரிய பி.பி. கம்பனியின் கொடையால் இயங்கியது. அதனால் முடிவு பொய்யாகிவிடாது. எனினும், அதே ஆண்டில் மற்றொரு குழுவினர், ஆழ்நீரில் முதலிற் பெரிதும் சிதைந்தவை புரொப்பேன், ஈதேன் ஆகிய வாயுக்களே எனக் காட்டினர். நுண்ணங்கி பெருகியது என்பதும் எண்ணெய் நீங்கியது என்பதும் ஒன்றல்ல.

பரம்பரையலகுச் சோதனை, மாசினை எவ்வுயிரி உண்கிறது எனக் கூறவல்லது. மாசினை உண்டாக்கியவர் யார், இழப்பைச் சுமப்பவர் யார் என்பவற்றை அது கூறாது. மாசுபடுத்துவோரின் பணத்திலேயே அளவீடும் நடைபெறுமாயின், இயற்கையின் உழைப்புக்கூட அவர்களது கணக்கில் வரவாக எழுதப்படும். எனவே, இக்கருவிகளை நிராகரிப்பதன்று நமது பணி. மாதிரிகளும் முடிவுகளும், கரையில் வாழும் மீனவரும் உழைப்பாளரும் கேட்டுப் பரிசீலிக்கக்கூடிய பொது உடைமையாதல் வேண்டும் என வற்புறுத்துவதேயாகும்.