விட்டுப் பிடிப்போம்

நோயிலிருந்து மீண்டு வீடு திரும்பிய குழந்தையை மீண்டும் விளையாட விடுவது பெற்றோருக்கு எளிதன்று. கீழே விழுந்துவிடுமோ, மூச்சு வாங்குமோ என்னும் அச்சம் அவர்களை விட்டு அகலுவதில்லை. குழந்தையோ, உடல் தேறிய பின்னும், தன்னால் இயலாது என்ற எண்ணத்தைச் சுமந்துகொண்டிருக்கக்கூடும். இவ்விரு அச்சங்களையும் சிறிது சிறிதாகக் களைய உதவும் எளிய விளையாட்டு ஒன்று உண்டு. அது ஃபிரிஸ்பீ எனப்படும் பறக்கும் தட்டு.

எறிய ஒருவர், பிடிக்க ஒருவர், ஒரு தட்டு, இவை போதும். ஓட இயலாத குழந்தை நின்றும், நிற்க இயலாத குழந்தை நாற்காலியில் அமர்ந்தும் விளையாடலாம். பெரியவர்களின் போட்டித் தட்டு 175 கிராம் எடையுள்ளது. குழந்தைகளுக்கு அதனினும் எடை குறைந்த தட்டே ஏற்றது. மிகச் சிறியவர்களுக்குத் துணியாலான மென்தட்டு நன்று.

முதலில் பிடிக்கக் கற்பியுங்கள். நான்கைந்து அடி தொலைவில் நின்று, குழந்தையின் மார்பு உயரத்துக்கு மெதுவாகத் தட்டை விடுங்கள். ஒரு கை மேலும் ஒரு கை கீழுமாக, முதலை வாயை மூடுவதுபோல், உள்ளங்கைகளுக்கு நடுவே தட்டை அடக்கச் சொல்லுங்கள். பிடி நிலைத்த பிறகு தொலைவை ஓரடி கூட்டலாம்.

அடுத்தது எறிதல். பெருவிரல் தட்டின் மேலும், மற்ற விரல்கள் விளிம்பின் உட்புறத்திலும் இருக்க வேண்டும். எறியும் கையின் தோள் எதிரே இருப்பவரை நோக்கியிருக்குமாறு பக்கவாட்டில் திரும்பி, தட்டை வயிற்றருகே கொண்டுவந்து, மணிக்கட்டைச் சொடுக்கி விடவேண்டும். சுழலும் பம்பரம் சாயாது நிற்பதுபோல, சுழலும் தட்டும் சாயாது பறக்கும். வலிமையைவிடச் சுழற்சியே இங்கு முதன்மையானது.

கோட்டக்குப்பம் போன்ற கீழைக் கடற்கரையில் வாழ்வோர் காலை வேளையைத் தேர்ந்தெடுக்கலாம். பிற்பகலில் கடற்காற்று தட்டைத் திசை திருப்பிவிடும். காலையில் கதிரவன் கடல்மேல் நிற்பதால், இருவரும் கரையை ஒட்டி வடக்கும் தெற்குமாக நின்றால் எவர் கண்ணும் கூசாது. படகுகளும் வலைகளும் உள்ள இடத்தைத் தவிர்க்கவும். தட்டு அலையில் விழுந்தால் குழந்தையை அதன்பின் செல்ல விடவேண்டா.

இத்தட்டைக் கொண்டு ஆடப்படும் 'அல்டிமேட்' என்னும் குழு ஆட்டம் 1968ஆம் ஆண்டு அமெரிக்கப் பள்ளி ஒன்றில் தோன்றியது. இன்று சென்னை பெசன்ட் நகர்க் கடற்கரையிலும் ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆடுகின்றனர். இவ்வாட்டத்தில் நடுவர் இல்லை. தவறு நேர்ந்தால் ஆடுவோரே அதை எடுத்துச் சொல்லித் தீர்த்துக்கொள்வர்.

நம் குழந்தைகளுக்கும் இப்பழக்கம் வேண்டும். ஆட்டத்தை நிறுத்திவிடுவார்களே என்று வலியை மறைக்கும் குழந்தைகள் பலர். "வலிக்கிறது என்று நீ சொன்னால் இன்று நிறுத்துவோம், நாளை மீண்டும் ஆடுவோம்" என்று முன்னரே உறுதி கூறுங்கள். தொடக்கத்தில் பத்து நிமிடம் போதும். மூச்சுத்திணறல், தலைச்சுற்றல், வலி தோன்றினால் உடனே நிறுத்தவும். அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு, இரத்தத் தட்டணுக் குறைவு ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெறும் குழந்தைகள் மருத்துவரின் ஒப்புதல் பெற்ற பின்னரே ஆடவேண்டும்.

விட்டுப் பிடிப்பது என்பார்கள் நம் பெரியோர். தட்டுக்கு மட்டுமன்று, தேறிவரும் பிள்ளைக்கும் அதுவே பொருந்தும்.