'செப்பு' யாருடைய சொல்?

ஆங்கிலத்தில் 'ரன்' என்னும் சொல் ஓடுதலையும் குறிக்கும். கடை நடத்துதலையும் குறிக்கும். சித்தூரிலும் திருப்பதியிலும் நாம் நாள்தோறும் கேட்கும் 'செப்பு' என்பதும் அத்தகையதே. தெலுங்கில் அதற்குச் 'சொல்வாயாக' என்பது பொருள். காலணி என்பதும் பொருள். வீட்டில் நீங்கள் "செப்பு" என்றால், "தெலுங்கைக் கலக்காதே" எனப் பெரியோர் கடிவதுண்டு. ஆனால், செப்புதல் பழந்தமிழ்ச் சொல்லே! தொல்காப்பியம் விடையைச் 'செப்பு' என்கிறது. நம் பேச்சில் அது வழக்கொழிந்தது. தெலுங்கர் பேச்சில் நிலைத்தது.

தமிழில் செம்புக்கும் செப்பு என்று பெயர். அன்னமாச்சாரியாரின் தெலுங்குக் கீர்த்தனைகளைப் பொறித்துத் திருமலையில் வைத்திருந்த செம்புத் தகடுகளை நாம் செப்பேடுகள் என்கிறோம். சிறுமியர் சோறாக்கி விளையாடும் சிறு கலங்களும் செப்புகளே. "செப்புகளை எடுத்து வா" என்று பாட்டி சொன்னால், உங்கள் தெலுங்குத் தோழி எவற்றை எடுத்து வருவாள்?