"நாளைக்குப் படிக்கலாம்!"

மாலை ஆறு மணிக்கே பையன் கணக்குப் புத்தகத்துடன் உட்கார்ந்துவிட்டான். பென்சிலைச் சீவியாயிற்று, மேஜையைத் துடைத்தாயிற்று, மாதக்கணக்கில் தொடாத அலமாரியைக்கூட அடுக்கியாயிற்று. மணி ஒன்பது. "இன்றைக்கு மூளை ஓடவில்லை, காலையில் படிக்கிறேன்" என்று படுத்துவிடுகிறான். "சுத்தச் சோம்பேறி!" என்கிறார் அப்பா.

சோம்பேறி அலமாரியை அடுக்குவானா? மூன்று மணி நேரமும் பையன் சும்மா இருக்கவில்லை. கணக்கு ஒன்றைத் தவிர மற்ற எல்லாக் காரியமும் செய்திருக்கிறான். புத்தகத்தைத் திறந்தால், 'புரியவில்லையே, தோற்றுவிடுவோமோ' என்ற பயம் வருகிறது. மூடினால் போய்விடுகிறது. 'நாளைக்கு' என்பது அந்தப் பயத்துக்குக் கைமருந்து.

மருந்து கொஞ்ச நாள் வேலை செய்யவும் செய்கிறது! டைஸ், பௌமைஸ்டர் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர்கள் 1997-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இதைக் காணலாம். பருவத் தொடக்கத்தில், வேலையை ஒத்திப்போடும் மாணவர்களே மற்றவர்களைவிடக் கவலையின்றி இருந்தார்கள். பருவ முடிவிலோ கவலையும் அவர்களுக்கே அதிகம், நோயும் அவர்களுக்கே அதிகம். மதிப்பெண் மட்டும் குறைவு.

'நாளைக்கு முடித்துவிடுவேன்' என்று பையன் சொல்வது பொய்யும் அல்ல. மனதார நம்பித்தான் சொல்கிறான். 1994-இல் வெளியான ஒரு கானடா ஆராய்ச்சியில், ஆய்வுக்கட்டுரை எழுதிக்கொண்டிருந்த 37 மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்று பதில் வந்தது. எல்லாமே தடைப்பட்டால்? 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனதோ 55 நாளுக்கும் மேல்!

அப்பாவின் திட்டு இங்கே என்ன செய்கிறது? கணக்கைக் கண்டு பயந்தவனுக்கு, இனிக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தாலே அவமானமும் கூடவே ஞாபகம் வரும். ஓடுவதற்கு இன்னொரு காரணம் கிடைத்தாயிற்று.

திட்டு வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. தன்னைத் தானே வைதுகொள்ளும் மாணவர்களும் உண்டு. ஒட்டாவா நகரின் கார்ல்டன் சர்வகலாசாலையில் முதலாண்டு மாணவர்கள் 119 பேரை அடுத்தடுத்த இரு பரீட்சைகளின்போது விசாரித்தார்கள். முடிவு 2010-இல் வெளியாயிற்று. முதல் பரீட்சைக்குப் படிக்காமல் நாளைக் கடத்தியதற்காகத் தங்களையே மன்னித்துக்கொண்டவர்கள், இரண்டாவது பரீட்சைக்கு அவ்வளவாக ஒத்திப்போடவில்லை. 'போனது போகட்டும்' என்றவர்களுக்கு மனக்கசப்பு தணிந்திருந்தது. புத்தகத்தை எடுக்கக் கை கூசவில்லை.